இருபத்துநான்கு மணித்தியாலப் பலகை

ஒற்றை மரத் தரிப்பிடம்,
நெடுஞ்சாலை ஓரம், மேற்கு அவுஸ்திரேலியா
04.07.2024

அன்புத் தங்கச்சி லுத்பியாவுக்கு நானா மஹ்ரூப் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உன் பிரஷர் எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா, அல்லது அக்கம்பக்கத்தாருக்கு மட்டும்தான் புத்தி சொல்கிறாயா?

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே. ஒருவரும் மவுத்தாகவில்லை. மெல்பர்னில் மகன் ரிப்கானிடம், "பேர்த்தைப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, போன மாதம் வாங்கிய பழைய வானில் தனியாகப் புறப்பட்டேன். இந்தப் பாதையில் நூறு கிலோமீற்றருக்கு ஒருதரம்தான் போனுக்கு உயிர் வரும். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் நான் இல்லை. ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் திருகோணமலைக்குக் கொண்டெய்னர் ஏற்றிய காலத்தில் எழுதியதுபோல இப்போதும் எழுதுகிறேன்.

நீ இதை நம்பமாட்டாய். நம் நாட்டில் ஹபரணைக்கு இங்கால் லொறியை ஓரங்கட்டினால் அரை மணித்தியாலத்தில் பொலிஸ் கதவைத் தட்டும். இங்கே வழிநெடுக அரசாங்கமே இடம் விட்டு, மேசை போட்டு, குப்பைத் தொட்டி வைத்து, "படுத்துவிட்டுப் போ" என்கிறது. ஒரு சதம் வாங்குவதில்லை. தண்ணீர் மட்டும் நாமே கொண்டு போகவேண்டும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவன்மார் மனைவியோடு வீட்டையே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நாலு மணிக்கு முன் வந்தால் நல்ல இடம் கிடைக்கும். குளிரூட்டி லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் விடியவிடிய அதன் இரைச்சல்தான். இரண்டாம் நாளே எல்லாம் பிடிபட்டுவிட்டது. முப்பத்தொரு வருசம் லொறியில் படுத்தவனுக்கு யார் பாடம் எடுப்பது?

ஒரே ஒரு சட்டம் உண்டு. இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று பலகை போட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவும் வசதி. எங்கும் நாலு நாள் தங்கப்போவதில்லை, ஆகவே நான் முசாபிர். பிரயாணிக்குரிய சலுகைப்படி நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறேன். மௌலவியைக் கேட்கவே தேவையில்லை, நான் பிரயாணி என்று அரசாங்கமே பலகையில் எழுதி வைத்திருக்கிறது.

பதில் எழுதினால் உறையின் பின்பக்கம் இருக்கும் ரோட்ஹவுஸ் முகவரிக்குப் போடு. அது இங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கும் பெற்றோல் செட். உன் கடிதம் வருமுன் நான் தாண்டிப் போயிருப்பேன். கிடைத்தால் கிடைக்கட்டும்.

வஸ்ஸலாம்,
நானா.


வெள்ளவத்தை,
26.07.2024

மரியாதைக்குரிய முசாபிர் நானாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். குளிசையும் போடுகிறேன், புத்தியும் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்துச் செய்ய என்னால் முடியும். கடல் காற்றில் ஜன்னல் கம்பி இந்த வருசமும் துருப்பிடித்துவிட்டது. மாடி வீட்டு சாம்பவி அக்கா உங்கள் கடிதத்தின் ஸ்டாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "இந்தக் காலத்திலயும் கடிதம் எழுதுற ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் போனில் கதைக்க வெட்கம் என்றேன்.

நானா, நான் புவியியல் படிப்பித்தவள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கடிதம் வந்த அன்றே அட்லஸை எடுத்து விரித்தேன். அந்த நெடுஞ்சாலை எங்கே முடிகிறது என்று பார்த்தேன். பேர்த்துக்கு முன்னாலேயே அது முடிகிற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில்தான் உங்கள் மகள் றிப்னா நேர்ஸாக இருக்கிறாள். பேர்த்தைப் பார்க்கப் போகிறீர்களாம். நல்லது.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். ஆறு வருசமாகிறது. தெமட்டகொடைச் சிநேகிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தீர்கள், அவருடைய மகன் கணக்காளர். அவளோ ஒரு ஆப்கான் லொறிக்காரப் பையனைக் கலியாணம் முடிக்கப்போவதாகச் சொன்னாள். "நான் லொறிக்காரன். என்ட மகளும் லொறிக்காரனுக்கா?" என்று கேட்டீர்கள். பெண்ணின் பொறுப்பாளராக, வலியாக நின்று நிக்காஹ் செய்து தாருங்கள் என்று அவள் மூன்று தரம் போன் எடுத்தாள். நீங்கள் போனை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினீர்கள். கடைசியில் அந்த ஊர்ப் பள்ளி இமாம் வலியாக நின்றார். நிக்காஹ் படம் குழுவில் வந்த அன்று நீங்கள் குழுவிலிருந்து வெளியேறினீர்கள். படத்தைத் திறந்து பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் பெயரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

நீங்கள் அங்கே போவது எனக்குச் சந்தோசம். அதை வாயால் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இதை எழுதி என்ன பயன், இது வரும்போது நீங்கள் அந்த இடத்தில் இருக்கப்போவதில்லை.

வஸ்ஸலாம்,
லுத்பியா.


உடைந்த மேசைத் தரிப்பிடம்,
14.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். சுகம். உன் கடிதம் கிடைத்தது. ரோட்ஹவுஸ்காரி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். ஜன்னல் கம்பிக்கு ரெட் ஒக்சைட் பெயின்ட் இரண்டு பூச்சு அடி. ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டு உப்புக் காற்றைக் குறை சொல்லாதே.

இந்தத் தரிப்பிடத்தில் மேசைக்கு ஒரு கால் இல்லை, கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். மரம் மட்டை ஒன்றும் கிடையாது. ஒற்றை மரத் தரிப்பிடத்தில் நிழல் உண்டு, ஆனால் அங்கே மண் பொருக்கு, மழை பெய்தால் சில்லுப் புதையும். இரண்டுக்கும் நடுவே அறுபத்தெட்டுக் கிலோமீற்றர். இதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். புதிதாக வருகிற கிழவன்மார் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். நேற்று ஒரு ஜெர்மன்காரிக்கு எந்த இடத்தில் கூடாரம் அடித்தால் காற்று பிடுங்காது என்று காட்டிக்கொடுத்தேன்.

டேவ் என்று ஒரு பையன். இந்த நாட்டில் கல்லை எறிந்தால் ஒரு டேவின் தலையில்தான் விழும். மூன்று பெட்டி கொளுவிய ரோட் ட்ரெயின் ஓட்டுகிறான், நம் கொண்டெய்னர் லொறி மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியது போன்ற நீளம். வாரத்துக்கு ஒருதரம் போவான், வருவான். ஒவ்வொரு முறையும் இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றை என் வானுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறான். நான் இஞ்சிப் பிளேன்டி கொடுப்பேன், நின்றபடியே குடிப்பான். எங்கே போகிறீர்கள் என்று ஒருதரம் கேட்டான். மேற்கே என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

புறப்படுமுன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறான். அறுபத்திரண்டு டயர். ஒன்றைக்கூட விடுவதில்லை. ஒருகொடவத்தை யார்டில் இருந்த காலத்தில் இப்படி ஒருவன் கிடைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு என் லொறிச் சாவியைக் கொடுத்திருப்பேன்.

குளிர் கூட. மற்றபடி எல்லாம் ஒழுங்கு.

வஸ்ஸலாம்,
நானா.


வெள்ளவத்தை,
02.09.2024

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம், பிரஷர் நூற்று முப்பது. பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தாயிற்று. தெருவெல்லாம் தேர்தல் ஒலிபெருக்கி, மனிதர் காது பாவம்.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரி. ஆனால் டீச்சரை ஏமாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் கெட்டித்தனமாக ஏமாற்றவேண்டும். ஜூலை நாலாம் திகதி அந்த ரோட்ஹவுஸுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். என் கடிதம் ஆகஸ்ட் நடுவில் அதே ரோட்ஹவுஸில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு உறையிலும் குத்தியிருந்த தபால் முத்திரையில் ஒரே ஊர். நீங்கள் ஓட்டும் வேகத்துக்கு இந்நேரம் இரண்டு தரம் பேர்த் போய் வந்திருக்கலாம். அட்லஸில் பென்சிலால் கோடு போட்டேன், கோடு நகரவே இல்லை.

இன்று ஒற்றை மரம், நாளை உடைந்த மேசை, மறுநாள் திரும்பவும் ஒற்றை மரம். பலகையின் சட்டத்தையும் மீறவில்லை, மகளின் ஊருக்கும் போகவில்லை. ஆறு வாரமாக இதுதான் உங்கள் பிரயாணம், என்ன?

உங்களுக்காகப் பள்ளி மௌலவியிடம் மார்க்கச் சட்டம் என்னவென்று மசாயில் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த ஒருவர் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போற எடம் இதுன்னு நிய்யத்து ஈக்கோணும் டீச்சர். எடமே இல்லாம சும்மா சுத்துறவருக்குச் சுருக்க ஏலாது. அவர் முழுக்கத்தான் தொழோணும்."

ஆகவே நானா, ஒன்றைத் தீர்மானியுங்கள். போகிற இடம் றிப்னாவின் வீடு என்றால் சுருக்கித் தொழுதது கூடும். இல்லையென்றால் கஷ்டம்தான், உட்கார்ந்து கணக்குப் பார்த்து, சுருக்கியதையெல்லாம் திரும்பத் தொழுது களாச் செய்யவேண்டும்.

டயர் தட்டும் அந்தப் பையனுக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்,
லுத்பியா.


ஒற்றை மரம்,
20.09.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். சுகம்.

மௌலவியிடம் கேட்டது சரி. அவருக்கு இந்தப் பாதை தெரியாது.

நான் போகாமல் இல்லை. இரண்டு தரம் போனேன். முதல் தரம் ஊர் எல்லைப் பலகை வரைக்கும். இரண்டாம் தரம் அவள் வீட்டுத் தெருவுக்கே போனேன். முகவரி ரிப்கானின் மேசையில் இருந்தது, அவனுக்குத் தெரியாமல் எழுதி எடுத்தேன். பச்சைத் தகரக் கூரை. கொடியில் நேர்ஸ் உடுப்புக் காய்ந்தது. வானை நிறுத்தாமல் திருப்பி நானூற்றுப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி வந்து இந்த மரத்தடியில் நிறுத்தினேன்.

மலையில் பிரேக் அறுந்த லொறியைக் கல்லில் மோதி நிறுத்தியவன் நான். எனக்குப் பயம் என்று நீ நினைத்தால் அது உன் முட்டாள்தனம். ஒரே ஒரு விசயம்தான். இந்தத் தரிப்பிடங்களில் பலகை உண்டு. எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது எழும்பவேண்டும் என்று அதில் போட்டிருக்கும். ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. அவள் வீட்டு வாசலில் பலகை இல்லை. நான் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று யார் சொல்வது? அவளே சொல்லவேண்டி வந்தால் என்ன சொல்வாள்?

டேவுக்கு உன் ஸலாமைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

நானா.


வெள்ளவத்தை,
09.10.2024

என் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் சுகத்துக்குக் குறையில்லை. உங்கள் சுகம்தான் கேள்வி.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். அழுது முடித்துவிட்டு முகம் கழுவித் தேத்தண்ணீர் போட்டேன். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன், ஆகவே இதில் அழுகை கிடையாது, புத்தி மட்டும்தான்.

நானா, நீங்கள் செய்தது பிழை. அது உங்களுக்கும் தெரியும். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதர் பனிக்குளிரில் வானில் படுப்பது பேர்த்தைப் பார்க்க அல்ல. மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், ஆனால் எப்படி என்று தெரியவில்லை. நம் வாப்பாவுக்கும் தெரியாது. யாரிடமாவது பிழை விட்டால் மறுநாள் மீன் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். வாங்கினவர்களுக்கு விளங்கும்.

பலகை இல்லை என்கிறீர்கள். நான் போட்டுத் தருகிறேன், நான் உங்கள் தங்கச்சி, எனக்கு அந்த உரிமை உண்டு. றிப்னாவின் வீடு: இருபத்துநான்கு மணித்தியாலம். அந்த வீட்டையும் வழியில் இருக்கும் இன்னொரு இலவசத் தரிப்பிடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். வானைத் தெருவைப் பார்க்க நிறுத்துங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு எழும்பி வந்துவிடுங்கள். ஒரு நாள் நிற்க ஒருவரின் அனுமதியும் தேவையில்லை, வழிப்போக்கனுக்குக்கூட அது உண்டு. பெற்ற வாப்பாவுக்கு இல்லாமல் போகாது.

அவளிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நாக்கு நோகிறது.

வஸ்ஸலாம்,
லுத்பியா.


வெள்ளவத்தை,
04.11.2024

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கடைசியாக எழுதி ஆறு வாரமாகிறது. தபால்காரரைக் கண்டால் நான் படி இறங்குவதைப் பார்த்து, "லியுமக் நே நோனா" என்று அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார், கடிதம் இல்லையாம். ரிப்கானுக்குப் போன் எடுத்தேன். "வாப்பா சந்தோசமா சுத்துறாரு மாமி, உங்களுக்கு என்னத்துக்குக் கவல?" என்கிறான். அவனிடம் நான் என்ன சொல்ல?

நான் கூடக் கதைத்துவிட்டேனா? கோபமென்றால் ஏசி ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். ஒரு வெறும் உறையை அனுப்பினாலும் போதும், முத்திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

லுத்பியா.


24.11.2024

அன்புள்ள லுத்பியா மாமிக்கு றிப்னா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்ற சொல்லை இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன் மாமி. உங்கள் கடைசிக் கடிதத்தை என் கணவர் தாவூத் ரோட்ஹவுஸிலிருந்து எடுத்துவந்து வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா வாசித்துவிட்டு, "நீயே எழுது, அவள் என்னய ஏசிக் களைச்சிட்டாள்" என்று என்னிடம் தந்தார். மற்றக் கடிதங்களையும் தந்தார். இரவு முழுக்க வாசித்தேன்.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தாவூதைப் பாதையில் எல்லோரும் டேவ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜூலையிலேயே வந்து சொன்னார், ஒரு வயதானவர் இரண்டு தரிப்பிடத்துக்கு நடுவே போய்வருகிறார், இஞ்சிப் பிளேன்டி தருகிறார், வானின் நாலு டயரையும் கம்பியால் தட்டிப் பார்க்கிறார் என்று. டயர் தட்டியதைச் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. தாவூதுக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். சின்ன வயதில் ஒருகொடவத்தை யார்டில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்ட சத்தம் அது.

போய்க் கூப்பிடவா என்று தாவூத் கேட்டார். வேண்டாம் என்றேன். கூப்பிட்டால் வாப்பா வானை மெல்பர்னுக்குத் திருப்பிவிடுவார். மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தவள் நான். இந்த முறை அவராக வரவேண்டும் என்று இருந்தேன். அதில் கோபமும் இருந்தது மாமி, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தாகத்தோடு இருக்கக்கூடாது. அந்தத் தண்ணீர்க் கான் ஒவ்வொன்றையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

பதினாலாம் திகதி பகல் பன்னிரண்டரைக்கு வான் வந்து நின்றது, முகம் தெருவைப் பார்த்தபடி. வாப்பா ஒரு கையில் தண்ணீர்க் கானும் மறு கையில் மீன் டின் இரண்டுமாக இறங்கினார். "இருபத்துநாலு மணித்தியாலம்தான் மகள்" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். ஆறு வருசத்துக்குப் பிறகு. தாவூத் உள்ளேயிருந்து வெளியே வந்தார். வாப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவனத் தெரியும் எனக்கு. தண்ணி தந்தவன்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கானின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார்.

அன்று பகல் லுஹர்த் தொழுகையை வாப்பா முன்னால் நின்று தொழுவித்தார். இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்து முடித்தார். பிரயாணி அல்லவா. நானும் தாவூதும் எழும்பி மற்ற இரண்டையும் தனியே தொழுது முடித்தோம். அஸருக்கும் அப்படித்தான், இஷாவுக்கும் அப்படித்தான். ராத்திரி அறை ஒழுங்குபண்ணிக் கொடுத்தேன். வேண்டாம் என்று வானில் போய்ப் படுத்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே வாப்பா வானைக் கூட்டித் துடைத்தார், எண்ணெய் பார்த்தார், டயரைத் தட்டினார். நான் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுக் குசினியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாவூத் வாப்பாவைத் தன் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அவர்கள் திரும்பி வரும்போது இரண்டே கால். பலகை போட்ட நேரம் தாண்டிவிட்டது. வாப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், நானும் பார்த்தேன். சோறு போட்டேன். பருப்புக்கு உப்புக் காணாது என்றார்.

பின்னேரம் அஸர்த் தொழுகை நேரம் வந்தது. வாப்பா முன்னால் நின்றார். தாவூத் பக்கத்தில், நான் பின்னால். இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத்து ஓத உட்கார்ந்தார். இப்போது ஸலாம் கொடுப்பார், வான் சாவியை எடுப்பார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலு நாளைக்கு மேல் தங்குவதாக மனதில் நிய்யத்து வைத்தால்தான் முழுக்கத் தொழவேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவர் அவர்தான் மாமி.

"அல்லாஹு அக்பர்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பினார்.

நாலாவது ரக்அத்தின் ஸஜ்தா முழுக்க அழுதேன். தொழுது முடித்ததும் வாப்பா திரும்பிப் பார்க்காமலே, "வானை உள்பக்கமாத் திருப்பி விடச் சொல்லு அவன்ட்ட, வெயில்ல டயர் காயுது" என்றார்.

இன்றைக்குப் பத்து நாள். இனிக் கடிதத்தை ரோட்ஹவுஸுக்குப் போடவேண்டாமாம். உறையின் பின்பக்கம் எங்கள் வீட்டு முகவரியை வாப்பாவே தன் கையால் எழுதியிருக்கிறார்.

வஸ்ஸலாம்,
உங்கள் றிப்னா.